நம்ம ஓசூர்ல தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை! – நீட் தேர்வுக்குப் புரிந்து படிப்பது எப்படி?



இந்த இதழின் அறிவியல் பக்கத்தை எழுதும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் 12-ஆம் வகுப்பு, உயிரியல்-கணிதப் பிரிவு. 11-ஆம் வகுப்பு நண்பர்கள் நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நீட்டுக்கு எப்படிப் படிக்கிறது? புத்தகத்தை முழுசா மனப்பாடம் பண்ணணுமா?" அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளமா இருக்கும். நின்னு படிக்கக் கால் வலிச்சா, மதியம் மீதியைப் படிங்க!

முதலில் கொஞ்சம் வரலாறு

நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. 1984 முதல் 2006 வரை மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு மாநில அரசே நுழைவுத் தேர்வு நடத்தியது. பிறகு அது சட்டம் போட்டு நீக்கப்பட்டது. 2007 முதல் 2016 வரை அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. 2017-லிருந்து நீட். அந்தத் தேர்வே வேண்டாம், விலக்கு வேண்டும் என்று 2021-ல் நம் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அந்த வாதம் பெரியது, முக்கியமானது. ஆனால் விண்ணப்பம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு, தேர்வு அறையில் என்ன செய்வது என்பதுதான் முதல் கவலை.

இன்னொரு விஷயம். கிருஷ்ணகிரி அருகே போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2022 ஜனவரி 12-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. 150 இடங்களோடு தொடங்கியது. 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. அதாவது, பஸ் ஏறிப் போகும் தூரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நமக்கென்று ஒரு சின்ன வாசலும் இருக்கிறது. நம் வீடுகளில் அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். லட்சக்கணக்கில் பணம் கட்டி ஒரு வருடம் கோச்சிங் போக எல்லாராலும் முடியாது. அதனால் இருக்கிற நேரத்தை எப்படிச் செலவு செய்கிறோம் என்பதில்தான் நம் வாய்ப்பு இருக்கிறது.

மனப்பாடம் எங்கே உடைகிறது?

எங்கள் தெருவில் ஓர் அக்கா. பிளஸ் டூவில் நல்ல மார்க். நீட் எழுதிவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "கேள்வி எல்லாம் தெரிஞ்ச பாடத்துல இருந்துதான் வந்துச்சு. ஆனா தெரிஞ்ச வாக்கியமா வரல." இந்த ஒரு வரியில் எல்லாமே இருக்கிறது.

பாடத்தின் பின்பக்கக் கேள்விக்கு விடையை மனப்பாடம் செய்தால், அந்தக் கேள்வி அதே வடிவில் வரும்போது மட்டும் விடை கிடைக்கும். நீட்டில் அதே விஷயம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். 2025 தேர்வில் மொத்தம் 180 கேள்விகள், 180 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். மனசுக்குள் முதல் வரியிலிருந்து ஒப்பித்துக்கொண்டே வந்து விடையைத் தேட அங்கே நேரம் கிடையாது.

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்க இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் (1965-ல் நோபல் பரிசு பெற்றவர்) 1951-52-ல் பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனிரோ நகரில் பாடம் நடத்தினார். ஒளி ஒரு ஊடகத்தில் பட்டுப் பிரதிபலித்தால் முனைவாக்கம் அடையும் என்று அங்கே மாணவர்கள் அழகாக ஒப்பித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. கடல் நீரில் பட்டு வரும் ஒளியும் அப்படித்தானே என்று அவர் கேட்டால், பதில் வரவில்லை. புத்தகத்தில் இருக்கும் 'ஊடகம்' என்பதும் கண்ணெதிரே இருக்கும் தண்ணீரும் ஒன்றுதான் என்பது அவர்கள் மனதில் சேரவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்ம ஊரில் சொல்வது இதைத்தான்.

சரி, புரிந்து படிப்பது என்றால் என்ன? சும்மா அறிவுரையாகச் சொன்னால் பிரயோஜனம் இல்லை. நம்ம ஊரிலிருந்தே சில உதாரணங்கள் தருகிறேன்.

உதாரணம் 1: கொதிக்கும் தண்ணீர்

"தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ்." மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் ஓசூரில் அடுப்பில் வைத்தால் அது சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏன்?

திரவம் எப்போது கொதிக்கும்? அதன் ஆவி அழுத்தம் வெளியே உள்ள காற்றழுத்தத்துக்குச் சமமாகும்போது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மேலே போகப் போக நம் தலைக்கு மேல் உள்ள காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. தள்ளுகிற கை இளகிவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கத்தானே செய்யும்? ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி குறையும். அப்படியென்றால் 900 மீட்டருக்கு 3 டிகிரி. சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ள கிருஷ்ணகிரியில் 98-க்குக் கொஞ்சம் மேலே. சென்னையில்தான் 100.

இதை இப்படிப் புரிந்துகொண்டால், ஒரே வீச்சில் எத்தனை கேள்விகள் விழுகின்றன பாருங்கள். மலை மேல் பருப்பு வேக ஏன் அதிக நேரம்? குறைந்த சூட்டில் கொதிப்பதால். குக்கரில் ஏன் சீக்கிரம் வேகிறது? உள்ளே அழுத்தம் கூடுவதால் கொதிநிலை ஏறுகிறது. உப்புப் போட்டால் என்ன ஆகும்? ஆவி அழுத்தம் குறையும், அதனால் கொதிநிலை ஏறும். எவ்வளவு? ஒரு லிட்டர் தண்ணீரில் 5.85 கிராம் உப்பு என்றால் 0.1 மோல். உப்பு கரைந்தால் சோடியம், குளோரைடு என்று இரண்டு துகளாகப் பிரியும். அதனால் 2 × 0.52 × 0.1, அதாவது சுமார் 0.1 டிகிரி. அந்த 2 எதற்கு என்று புரிந்தவருக்குக் கால்சியம் குளோரைடு கொடுத்தால் தானாகவே 3 போடுவார். சூத்திரத்தை மட்டும் உருப்போட்டவர் அங்கே நின்றுவிடுவார்.

உதாரணம் 2: ராகியும் நெல்லும்

உயிரியலில் எல்லாரும் திணறும் இடம் சி3, சி4 தாவரங்கள். ஒரு குளுக்கோஸ் தயாரிக்க சி3 தாவரத்துக்கு 18 ஏடிபி, சி4 தாவரத்துக்கு 30 ஏடிபி. இதை உருப்போட்டால் எது 18, எது 30 என்று தேர்வு நாளில் குழம்பும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். ஒரு நாள் ராத்திரி களி கிண்டிக்கொண்டிருந்த எங்கள் அவ்வாவுக்கு இந்தப் பாடத்தைத் தெலுங்கில் சொல்லிப் பார்த்தேன். "அவ்வா, நெல்லு, ராகி ரெண்டும் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை எடுத்துத்தான் சாப்பாடு செய்யுது. நெல்லுல அந்த வேலையைச் செய்யுற ரூபிஸ்கோங்கிற நொதி, வெயில் ஏறினா சில நேரம் ஆக்சிஜனைத் தப்பாப் புடிச்சிக்கும். உழைப்பு வீண். அதுதான் ஒளிச்சுவாசம். ராகி அப்படி இல்ல. முதல்ல வேற ஒரு நொதி கார்பன் டை ஆக்சைடைப் புடிச்சு, நாலு கார்பன் பொருளாக்கி, உள்ளே இருக்கிற கற்றை உறை செல்லுக்கு அனுப்பும். ரூபிஸ்கோ அந்த உள் அறையில உக்காந்திருக்கும். அங்கே கார்பன் டை ஆக்சைடு நெறைய இருக்கிறதால தப்பு நடக்காது. இலைத்துளையை ரொம்பத் திறக்கவும் வேண்டாம், தண்ணியும் மிச்சம்."

அவ்வா கேட்டதே ஒரு கேள்வி! "அவ்வளவு கெட்டிக்காரத்தனம்னா எல்லாப் பயிரும் ஏன் ராகி மாதிரி ஆகல? நெல்லு மட்டும் ஏன் பேசாம இருக்கு?"

அதற்குப் பதில் தேடிப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடைத்தது. உள் அறைக்கு அனுப்பும் வேலை சும்மா நடக்காது. ஒவ்வொரு கார்பன் டை ஆக்சைடுக்கும் 2 ஏடிபி கூடுதல் செலவு. ஒரு குளுக்கோசுக்கு 6 கார்பன் டை ஆக்சைடு வேண்டும். 6 × 2 = 12. 18-உடன் 12 சேர்த்தால் 30! வெயில் தாராளமா இருந்து, சூடும் வறட்சியும் உள்ள இடத்தில் அந்தச் செலவு லாபம். நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் அது வெட்டிச் செலவு, அங்கே சி3 ஜெயிக்கும். நம்ம மாவட்டத்து மானாவாரிக் காட்டில் ராகி ஏன் விளைகிறது என்பதற்கும், தேர்வுத் தாளில் வரும் கேள்விக்கும் விடை ஒன்றுதான்.

உதாரணம் 3: பல் கறை

நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஊர்களில் பெரியவர்களின் பல்லில் பழுப்புக் கறை பார்த்திருப்பீர்கள். அது வெற்றிலைக் கறை இல்லை, வேதியியல்.

பல், எலும்பு இரண்டும் ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் பொருளால் ஆனவை. அதில் ஹைட்ராக்சைடு அயனி இருக்கும் இடத்தில் ஃபுளோரைடு அயனி போய் உட்கார்ந்துகொள்ளும். எப்படி முடிகிறது? இரண்டுக்கும் மின்சுமை ஒன்றே, அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரே சைஸ் ஆள் என்றால் அதே சீட்டில் உட்காரலாம்! கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது, அமிலம் அரிக்காது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. பல் கறையாகும், வருடக் கணக்கில் குடித்தால் எலும்பும் பாதிக்கும்.

இந்த 'ஒரே சைஸ், ஒரே மின்சுமை' என்ற யோசனையைப் பிடித்துக்கொண்டால், ஸ்ட்ரான்சியம் ஏன் எலும்பில் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கிறது என்பதும் புரியும். இரண்டும் தனிம வரிசை அட்டவணையில் ஒரே தொகுதி. ஒரு யோசனை, இரண்டு பாடம்.

உதாரணம் 4: சிப்காட்டில் இருக்கும் ஆய்வகம்

11-ஆம் வகுப்பு முதல் பாடத்தில் வெர்னியர், திருகு அளவி. "மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர்" என்று எழுதி மார்க் வாங்குகிறோம். எங்க அப்பா சிப்காட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் டர்னர். அவர் கையில் இருக்கும் வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் காட்டும்! புத்தகம் பொய்யா? இல்லை. பள்ளி வெர்னியரில் 10 கோடுகள் 9 மில்லிமீட்டரில் அடங்கும். 1-லிருந்து 0.9 கழித்தால் 0.1. பட்டறை வெர்னியரில் 50 கோடுகள் 49 மில்லிமீட்டரில் அடங்கும். 1-லிருந்து 0.98 கழித்தால் 0.02. விதி ஒன்றுதான்: பிரதான அளவின் ஒரு பிரிவுக்கும் வெர்னியரின் ஒரு பிரிவுக்கும் உள்ள வித்தியாசம். இது தெரிந்தால் தேர்வில் 20 கோடு போட்டாலும் 25 கோடு போட்டாலும் பயம் இல்லை.

இன்னொன்று. ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை இருப்பது எல்லாருக்கும் தெரியும். குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் ஒரு வினாடிக்கு 32,768 முறை அதிரும். என்ன இது, கோணல் மாணலான எண்? கோணல் இல்லை. 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள், 32,768 வரும். சுற்றில் அதை 15 முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒன்று. முள் ஒரு தடவை நகரும். காரணம் தெரிந்துவிட்டால் அந்த எண்ணை இனி மறக்க முடியுமா?

அப்போ மனப்பாடமே வேண்டாமா?

வேண்டும்! இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 720 மதிப்பெண்ணில் 360 உயிரியல். தாவரக் குடும்பங்கள், ஹார்மோன்களின் பெயர்கள், விஞ்ஞானிகளின் பெயர்கள் – இவற்றில் பெயரை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. வேதியியலில் முதல் 30 தனிமங்கள் வாயில் வந்தே ஆகவேண்டும். புரிதல் என்பது அடுக்கு மாதிரி, மனப்பாடம் என்பது அதில் வைக்கும் பாத்திரம். அடுக்கு இருந்தால் பாத்திரம் எங்கே என்று தெரியும். எல்லாவற்றையும் தரையில் குவித்தால் எதுவும் கைக்கு வராது. எனவே முதலில் காரணம், பிறகு பெயர்.

ஊகித்து எழுதலாமா?

சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. ஒன்றுமே தெரியாமல் நாலில் ஒன்றைத் தொட்டால், சராசரியாக ஒரு கேள்விக்குக் கால் மதிப்பெண்தான் தேறும். ஆனால் இரண்டு விடைகள் நிச்சயம் தவறு என்று நீக்கிவிட்டால்? பாதிக்குப் பாதி வாய்ப்பு. 4-ல் பாதி 2, கழிவில் பாதி அரை. சராசரி ஒன்றரை மதிப்பெண்! ஆறு மடங்கு. அந்த இரண்டை நீக்கித் தருவது புரிதல்தான்.

உதாரணமாக ஊசலின் அலைவு நேரம். நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலமா, இல்லை தலைகீழா என்று சந்தேகம். அலகைப் பாருங்கள். மீட்டரை, 'மீட்டர் வகுத்தல் வினாடி வர்க்கம்' என்பதால் வகுத்தால் வினாடி வர்க்கம். அதன் வர்க்கமூலம் வினாடி. நேரத்தின் அலகு வினாடிதானே? விடை அதுதான். தலைகீழாகப் போட்டதெல்லாம் அவுட்.

நான் செய்வது இதுதான்

1. பாடத்தை ஒரு முறை நிதானமாகப் படிப்பேன். கோடு போட்டுக்கொண்டே பத்து முறை படிப்பதில்லை.

2. புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை ரஃப் நோட்டில் எழுதுவேன். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மறுபடி மறுபடி படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, மூடிவைத்து நினைவுபடுத்தி எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். நமக்கு நீட் 5 நிமிடத்தில் இல்லை!

3. எழுத முடியாமல் நின்ற இடத்தில் 'ஏன்?' என்று சிவப்பு மையில் போடுவேன். மறுநாள் ஆசிரியரிடம் கேட்பது அதை மட்டும்தான்.

4. வீட்டு மொழியில் யாருக்காவது சொல்வேன். நம் வகுப்பில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் எத்தனை! புத்தகத் தமிழ் வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தால் வீட்டில் யாருக்கும் புரியாது. வேறு மொழியில் சொல்ல வேண்டுமென்றால் விஷயம் நமக்குப் புரிந்திருக்க வேண்டும். எல்லை ஊரில் பிறந்த நமக்கு இது இலவசமாகக் கிடைத்த சோதனை.

5. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து அதே பாடத்தின் பழைய கேள்விகளைப் போட்டுப் பார்ப்பேன். தவறினால் விடையை மட்டும் திருத்துவதில்லை. மற்ற மூன்று விடைகளும் ஏன் தப்பு என்று ஒவ்வொரு வரி எழுதுவேன்.

முதல் மாதம் இது மெதுவாகத்தான் போகும். பக்கத்து பெஞ்சுக்காரன் மூன்று பாடம் முடித்திருப்பான், நாம் ஒன்றில் இருப்போம். பயப்பட வேண்டாம். ஒரு பாடம் புரிந்தால் அடுத்த பாடத்தில் பாதி அதிலேயே இருக்கும். பிறகு வேகம் தானாக வரும்.

கடைசியாக ஒரு வார்த்தை. இடங்கள் குறைவு, எழுதுவோர் பல லட்சம். நன்றாகப் படித்த எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பித்தது தேர்வோடு போய்விடும். புரிந்தது நர்சிங், விவசாயம், டிப்ளமோ, பட்டறை என்று நாம் எங்கே போனாலும் கூடவே வரும். எந்த ஆண்டு ரிசல்ட் எப்படி வந்தாலும் அது வீண் போகாது.

இந்த இதழின் கேள்வி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் வரும் 50 கிலோ எடையுள்ள மாணவி சுமார் 400 மீட்டர் மேலே ஏறுகிறாள். நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்: 50 × 10 × 400 = 2 லட்சம் ஜூல். கலோரிக் கணக்கில் சுமார் 48 கிலோ கலோரி, அதாவது ஏறக்குறைய அரை வாழைப்பழம்! அரைப் பழத்தின் சக்தியில் ஓர் ஆளைச் சூளகிரி வழியாக மேலே தூக்கிவிடலாம் என்றால், பஸ்ஸுக்கு மட்டும் ஏன் அத்தனை லிட்டர் டீசல்? மேட்டில் டிரைவர் ஏன் கியரைக் குறைக்கிறார்?

விடையைச் சூத்திரமாக எழுத வேண்டாம். உங்கள் அம்மாவுக்குச் சொல்வது போல எழுதி, அறிவியல் ஆய்வகத்து வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள். நல்ல விடை அடுத்த தாளில் இதே இடத்தில் ஒட்டப்படும்.